மேலவெளி வீதியின் அகலம்

மதுரை மேலவெளி வீதியின் அகலம் அறுபது அடி என்று ரோட்டை அளக்கிற ஆபீஸ்காரர்கள் பின்னால் எழுத்திலேயே கொடுத்தார்கள், ஆனால் மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினோரு மணிக்கு, தூத்துக்குடி ஜெசிந்தா தன் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ரயில்நிலையத்துக்குப் போக அந்த வீதியில் இறங்கியபோது, அவளுக்கு மட்டும் அதற்கு மறுகரை இல்லாமல் போயிற்று.

முதலில் பார்த்தது தில்லைநாயகி. அவளும் ரஹ்மத் நிஷாவும் முன்னால் கடந்து, ஸ்டேஷன் வாசலில் பைகளை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினால், ஜெசிந்தா வீதியின் நட்டநடுவில் நடந்துகொண்டிருந்தாள். நின்றிருக்கவில்லை, நடந்துகொண்டுதான் இருந்தாள். கால் எடுத்து வைக்கிறாள், பெட்டிச் சக்கரம் உருளுகிறது, சேலைக் கொசுவம் அசைகிறது, ஆனால் பின்னால் இருந்த வளையல் கடைக்கும் முன்னால் இருந்த ஸ்டேஷனுக்கும் நடுவில் அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"வா புள்ள, ரயில் வந்துரும்" என்று தில்லை கத்தினாள்.

"வந்துக்கிட்டேதாம்ட்டி இருக்கேன்!" என்று ஜெசிந்தாவும் கத்தினாள்.

மூன்று பேரும் முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மதுரையில் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்து படித்தவர்கள். தில்லை ஈரோட்டில் பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சர். ரஹ்மத் பாளையங்கோட்டையில் வக்கீல். ஜெசிந்தா ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தவள், நாலு வருஷத்துக்கு முன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் லாரன்ஸ் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபிறகு வேலையை விட்டு வீட்டோடு இருந்தவள். அந்த நாலு வருஷத்தில் அவள் ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை, ஒரு துக்கத்துக்குப் போகவில்லை, பக்கத்துத் தெரு மாதா கோவிலுக்கே ஞாயிறு பூசைக்குப் பாதியில் போய்ப் பாதியில் திரும்பினாள். வரமாட்டேன் என்றவளை நச்சரித்து, அழுது, கோபித்து, "மூணே மூணு நாள் புள்ள, உன்ற நாத்தனார் பாத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டு இந்தச் சுற்றுலாவுக்கு இழுத்து வந்தது தில்லைதான்.

வந்ததற்கு வஞ்சனை இல்லாமல் மூன்று பேரும் ஊரைச் சுற்றினார்கள். ஹாஸ்டல் காலத்தில் சனிக்கிழமை மூன்று மணி நேரம்தான் வெளியே விடுவார்கள், அந்த மூன்று மணி நேரத்தில் பஸ்ஸுக்கு ஒன்று, கோவில் கூட்டத்துக்கு ஒன்று போக மீதி ஒரு மணி நேரத்து மதுரைதான் அவர்களுக்குத் தெரிந்த மதுரை. இப்போதுதான் அதை முழுசாகப் பார்த்தார்கள்: ஒரு டப்பாவுக்குள் இன்னொரு டப்பா என்பதுபோல் வெளி வீதிக்குள் மாசி வீதி, மாசிக்குள் ஆவணிமூலம், அதற்குள் சித்திரை, கோவிலுக்குள் ஆடி என்று வருஷத்தையே வீதி வீதியாக மடித்து வைத்திருந்த ஊர்; ஒரு சந்து முழுக்க எவர்சில்வர் பளபளக்க, அடுத்த சந்து முழுக்க வெங்காயச் சருகு பறக்க, அதற்கடுத்ததில் நாதஸ்வரத்துக்குச் சீவாளி விற்க, இரண்டாயிரம் வருஷமாகக் கடையைச் சாத்தவே நேரம் இல்லாததுபோல் கூவிக்கொண்டிருந்த ஊர். நாயக்கர் மகாலில் மூன்று பேரும் கைகோத்து ஒரு தூணைக் கட்டிப் பிடித்தார்கள், தூண் பிடிபடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் நின்று ஜிகர்தண்டா குடித்தபோது ஜெசிந்தா மீசையில் பால் ஒட்டியதுபோல் உதட்டுக்கு மேல் நுரையோடு சிரித்து, "இப்படியே இங்கனயே இருந்துரலாம் போல இருக்குட்டி" என்றாள். ரஹ்மத் போனில் இருந்தாள். கேட்டது தில்லை ஒருத்திதான்.

இப்போது நடுவீதியில் அரை மணி நேரம் நடந்தபிறகு ஜெசிந்தாவின் ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியது. நாற்சந்தியில் நின்றிருந்த டிராபிக் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தில்லையிடம் வந்தார்.

"என்னங்கம்மா, விடலையா?"

"எது விடலையா?"

"ஊருதான். சில பேரைப் பிடிச்சுக்கிரும்" என்றார் அவர், கரண்ட் எப்போது போகும் என்று சொல்லுகிற குரலில். "கருப்பட்டி வாங்க வந்த ராமநாதபுரத்துக்காரர் ஒருத்தரை ஒம்பது வருசம் வச்சிருந்துச்சு. ஒருநா பேப்பர் வாங்க இந்தப் பக்கம் வந்தாரு, வந்ததும்தான் கடந்துட்டோம்னே அவருக்குத் தெரியுது, அழுதுக்கிட்டே போனாரு. தெற்குவெளி வீதியில ஒரு சர்க்கஸ்காரம்மா இருந்துச்சு. அதைக் கடைசி வரைக்கும் விடல."

தில்லை நடுவீதிக்கு ஓடி ஜெசிந்தாவின் கையைப் பிடித்து இழுத்தாள். பிடித்ததும் அவளுக்கும் கரை இல்லாமல் போயிற்று. ஸ்டேஷன் கடிகாரத்தின் முள்கூடத் தெளிவாகத் தெரிகிறது, இட்லிப் பொட்டலம் விற்கிறவன் குரல் காதுக்குள் விழுகிறது, ஆனால் இருவரும் எவ்வளவு நடந்தும் தார்தான் வந்துகொண்டிருந்தது, வெயிலில் இளகிச் செருப்பைப் பிடிக்கிற கறுப்புத் தார். கால் தடுக்கி தில்லையின் கை நழுவியது. நழுவிய அடுத்த எட்டில் அவள் ஸ்டேஷன் வாசலில் இருந்தாள். கையை விட்டால்தான் கரை வரும் என்று அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது, அதற்குப் பிறகும் நாலு முறை பிடித்துப் பார்த்தாள், நாலு முறையும் அவளே விட வேண்டியிருந்தது.

சோலைமலை என்ற ஆட்டோக்காரர் தானாக வந்து ஜெசிந்தாவை ஏற்றிக்கொண்டார். ஆட்டோ கத்திக்கொண்டு கிளம்பியது, கிலோமீட்டர் முள் நகர்ந்தது, நாலு கிலோமீட்டர் ஓடி, பெட்ரோல் குறைந்து, வண்டி அதே வளையல் கடைக்கு நேராக நின்றது. தெற்குவெளி வீதிக்குப் போனார்கள், கீழவெளி வீதிக்குப் போனார்கள், வடக்குவெளி வீதிக்கும் போனார்கள், எங்கும் இதே கதைதான்.

"அக்கா இறங்குனாத்தான் வண்டி நகரும் போல" என்று சோலைமலை சொன்னார். "வருத்தப்படாதீங்க. நம்ம ஊருதான?"

"ஒங்க ஊருய்யா! எனக்கு வீட்டுல மனுசன் கெடக்காரு. மத்தியானம் கஞ்சி யாரு குடுப்பா? படுக்கையில புண்ணு வந்துராம யாரு திருப்பிப் போடுவா?" என்று ஜெசிந்தா அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள்.

ரஹ்மத் மூன்று நாள் கூட இருந்து போராடினாள். இது சட்டவிரோதக் காவல் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள், அங்கே நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, "யார் மேலம்மா எழுத?" என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டார்கள். மனு கொடுத்தாள், அதற்குத்தான் இரண்டு பேர் டேப்போடு வந்து அறுபது அடி என்று அளந்து, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, போகிறபோது ஜெசிந்தாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வழக்குகள் காத்திருக்க ரஹ்மத் பாளையங்கோட்டைக்குத் திரும்பினாள். அவள் வீதியைச் சாதாரணமாகக் கடந்தாள், கடந்தபின் அந்தப் பக்கம் நின்று அவள் தலையில் அடித்துக்கொண்டதை ஜெசிந்தா பார்த்தாள்.

ஊர் ஜெசிந்தாவை எடுத்துக்கொண்டது. யாரும் கூடிப் பேசவில்லை. டவுன்ஹால் ரோட்டில் மூவரும் தங்கியிருந்த லாட்ஜில் அவள் அறையின் கதவிலிருந்து எண்ணைக் கழற்றிவிட்டு அவள் பெயரை மாட்டினார்கள். மேலமாசி வீதித் திருப்பத்தில் பூக்கட்டுகிற ஒச்சம்மாள் தன் சாக்கில் பாதியை விரித்து, "சும்மா இருந்தா அழுகதான் வரும், இந்தா, நாரைப் பிடிங்க" என்று மல்லிகையைக் குவித்தாள். தினம் காலை பதினோரு மணிக்கு ஜெசிந்தா வீதியில் இறங்கி நடந்து பார்ப்பது என்று ஆனபிறகு, போலீஸ்காரர் அந்த நேரத்துக்குப் பத்து நிமிஷம் வண்டிகளை நிறுத்தினார். முதல் வாரம் ஹாரன் அடித்தவர்கள் இரண்டாம் வாரம் எஞ்சினை அணைத்தார்கள், மூன்றாம் வாரம் அதையே சாக்காக வைத்துப் பக்கத்து வண்டிக்காரரோடு பேசினார்கள், டவுன்பஸ் டிரைவர்கள் டீ குடித்தார்கள். யாரோ குடை கொடுத்தார்கள். கத்திரி வெயில் உச்சத்துக்கு வந்தபோது யாரோ அவள் நடக்கிற இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்து வைத்தார்கள்.

அப்புறம் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். துபாய்க்கு விசா வந்துவிட்ட புருஷனின் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு ஒருத்தி வந்து, "ஊரு விடாதவங்க கையால ஒருக்கா தொட்டுக் குடுங்கக்கா, அவரு போகக்கூடாது" என்றாள். அடுத்த நாள் சென்னைக்குப் படிக்கப் போகிற மகளின் துப்பட்டா வந்தது, ஜாகை மாறிப் போகிற வீட்டுக்காரியின் சாவி வந்தது, ஒரு கிழவர் யாருடையது என்று சொல்லாமல் ஒரு ஒற்றைச் செருப்பைக் கொண்டு வந்து நீட்டினார். ஜெசிந்தா முதலில் கத்தினாள். "நான் போக முடியாமக் கெடக்கேன், நீங்க இன்னொருத்தரக் கட்டிப்போட என்கிட்டயே வாறியளா?" அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, உட்கார்ந்திருந்தார்கள், உட்கார்ந்த நேரத்துக்கு அவளோடு பூக்கட்டினார்கள். கடைசியில் அவள் தொட்டுக் கொடுத்தாள். துபாய்க்காரன் போய்த்தான் சேர்ந்தான், ஆனாலும் சட்டைகள் வந்துகொண்டே இருந்தன.

தில்லைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. அவள் ஈரோட்டுக்குப் போகாமல் தூத்துக்குடிக்குப் போய், ஜெசிந்தாவின் வீட்டில் ஜெசிந்தாவின் இடத்தில் நின்றாள். நாத்தனார் பிலோமினாவுக்கு முழங்கால் வலி, தூக்க முடியாது. ஆகவே லாரன்ஸை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுவதும், துடைப்பதும், கஞ்சியைக் கரண்டியின் நுனியால் இடது கடைவாயில் விடுவதும், விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருப்பதும் தில்லையின் வேலையாயிற்று. பத்து நாளில் அவள் இடுப்பு விட்டுப்போயிற்று. ஒருநாள்கூடப் பத்திரிகையின் ஒரு பக்கத்தைத் தொடர்ந்தாற்போல் படிக்க முடியவில்லை. நாலு வருஷம் என்று கணக்குப் போடப் போய் அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

லாரன்ஸ் பெரிய தோளும் சின்னக் கண்ணுமாக இருந்த மனிதர். வாயிலிருந்து ஒரு வார்த்தை வர ஒரு வாளி தண்ணீர் கிணற்றிலிருந்து ஏறுகிற நேரம் ஆகும். முதல் வாரம் "அவ?" என்று மட்டும் கேட்டார். தில்லை உள்ளதைச் சொன்னாள். கிரேன் உச்சியில் முப்பது வருஷம் உட்கார்ந்து கப்பல்கள் வருவதையும் போவதையும் பார்த்தவர் அவர், ஒரு ஊர் ஒருத்தியைப் பிடித்துக்கொண்டது என்பதைக் கேட்டுத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

சாயங்காலங்களில் ஜெசிந்தா வீடியோவில் வந்தாள். முதலில் அழுதுகொண்டு வந்தாள், மருந்து கொடுத்தாயா, நகம் வெட்டினாயா என்று கேட்டாள். பிறகு ஒருநாள் பின்னணியில் புதுமண்டபத்துத் தூண் தெரிந்தது. "ஏட்டி, இங்க ஒரு யாளி வாயில கல்லுருண்டை உருளுது தெரியுமா? ஹாஸ்டல்ல இருந்த மூணு வருசமும் நாம அதப் பாக்கவே இல்லட்டி." பிறகு ஒருநாள் ஒச்சம்மாள் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்துக்கொண்டே வந்து, சிரிப்பை அடக்க முடியாமல், அடக்கியதும் குற்றவாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அவிய சாப்பிட்டாவளா?" என்று கேட்டாள். போனை வைத்தபின் லாரன்ஸ் வெகுநேரம் முயன்று, "சிரிக்கா" என்றார். அது கேள்வியா, சொன்னதா என்று தில்லைக்குப் புரியவில்லை. ஆமாம் என்றாள்.

ஜூன் முதல் தேதி பள்ளி திறக்கும். பிலோமினாவால் தனியாக முடியாது. ஆகவே லாரன்ஸையே மதுரைக்குக் கொண்டுபோய்விடுவது என்று முடிவாயிற்று. தில்லையும் ரஹ்மத்தும் போனில் பேசி முடிவு செய்தார்கள், ஜெசிந்தா அழுது சரி என்றாள், பிலோமினா ஜெபமாலையை முத்தமிட்டாள், டாக்டர் வேனில் படுக்க வைத்துக் கூட்டிப் போகலாம் என்றார். சேதியைக் கேட்டு மதுரை ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்து முடித்தது. மேலமாசி வீதிச் சந்தில் படி ஏறத் தேவையில்லாத ஒரு வீடு, உயரம் கூட்டிக் குறைக்கிற கட்டில், தண்ணீர் மெத்தை, சோலைமலையின் தம்பி பட்டறையில் பற்றவைத்துச் சரிசெய்த ஒரு சக்கர நாற்காலி. யாரும் கேட்காத ஒரே ஆள் லாரன்ஸ். அது தில்லைக்குக் கோவில்பட்டி தாண்டியபிறகுதான் உறைத்தது. வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, ஜெசிந்தாகிட்ட போறோமுங்க, சந்தோஷம்தானுங்களே?" என்றாள். அவர் ஜன்னலில் ஓடுகிற பனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்கு வேன் மேலவெளி வீதிக்கு வந்தபோது, அதற்கு மேல் நகர இடமில்லாமல் கூட்டம் நின்றது. வண்டிகளைப் போலீஸ்காரர் இரு பக்கமும் நிறுத்திவிட்டார். சோலைமலை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வர, ஸ்டேஷன் வாசலில் லாரன்ஸை அதில் இறக்கி உட்கார வைத்து, இடுப்பில் துண்டைக் கட்டி, தில்லை பிடியைப் பற்றிக்கொண்டு வீதியில் இறங்கினாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஜெசிந்தாவும் இறங்கினாள். ஒரு மாதத்தில் அவள் கன்னம் பூரித்திருந்தது, முடியில் கதம்பம் இருந்தது, கண்ணுக்குக் கீழே நாலு வருஷமாக இருந்த கருவளையம் போயிருந்தது. அவள் ஓடி வந்தாள். நடுவீதிவரை வந்தாள், அதற்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தாள். தில்லை நாற்காலியைத் தள்ளி, அவளுக்குப் பத்தடி தூரத்துக்கு வந்துவிட்டாள்.

அப்போது லாரன்ஸின் இடது கை சக்கரத்தைப் பிடித்தது. நல்ல கை அது, கிரேன் நெம்புகோலைப் பிடித்த கை. நாற்காலி நின்றுபோயிற்று.

"திருப்பு" என்றார்.

"என்னங்கண்ணா?"

"திருப்பு." அவர் கண் ஜெசிந்தாவின் மேலேயே இருந்தது. வாளி ஏறி வருகிற நேரம் ஆயிற்று. "அவ… இருக்கட்டும்."

"என்ன சொல்லுதாவ?" என்று ஜெசிந்தா ஓடியபடியே கேட்டாள். "ஏட்டி தில்ல, தள்ளுட்டி! ஏன் நிக்க? அவியளுக்கு என்ன செய்யுது?"

தில்லை லாரன்ஸையும் ஜெசிந்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள். சொன்னால், முன்னால் ஓடிக்கொண்டிருப்பவள் அதைக் கேட்டபிறகு எப்படிச் சிரிப்பாள்; சொல்லாமல் தள்ளினால், நாலு வருஷத்தில் இந்த மனிதர் தனக்கென்று செய்த ஒரே முடிவைத் தான் மிதிக்க வேண்டும்; திருப்பினால் பத்தடியில் ஓடிக்கொண்டிருப்பவளை விட்டுவிட்டுப் போக வேண்டும், மறுபடியும் தானே கையை விட வேண்டும். வெயில் உச்சந்தலையில் நின்றது. அவள் இரண்டு கையாலும் பிடியைப் பற்றிக்கொண்டு, முன்னாலும் தள்ளாமல் பின்னாலும் இழுக்காமல், வாயைத் திறந்தபடி நின்றாள்.

"சக்கரம் மாட்டிக்கிருச்சு போல" என்றார் சோலைமலை.

அவ்வளவுதான். நாலு ஆட்டோக்காரர்கள், ஒரு கண்டக்டர், வளையல் கடைக்காரர், ஒச்சம்மாளின் மருமகன் எல்லாரும் வந்து நாற்காலியை அலாக்காகத் தூக்கினார்கள். "பாத்து, பாத்து, அண்ணன் கால் இடிக்காம" என்று அவ்வளவு பிரியமாகத் தூக்கினார்கள். லாரன்ஸின் இடது கை காற்றில் எதையோ பிடிக்கத் துழாவியது, அவர் கும்பிடுகிறார் என்று நினைத்து ஜனங்கள் பதிலுக்குக் கும்பிட்டார்கள். "இல்லீங்க, அவரு…" என்று தில்லை சொன்னது குலவைச் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. ஜெசிந்தாவையும் கடந்து, வளையல் கடை வாசலில் கொண்டுபோய் அவரை இறக்கி வைத்தார்கள். ஒச்சம்மாள் மாலை போட்டாள்.

ஜெசிந்தா திரும்பி ஓடி, அவர் முன்னால் முழங்கால் போட்டு, மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவர் அவள் தலைக்கு மேலாகத் தில்லையைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை அது. கடலில் போகிற ஒரு கப்பலைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அழுகை ஓய்ந்ததும் ஜெசிந்தா நிமிர்ந்து, முதல் காரியமாக அவர் கடைவாயில் வழிந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துவிட்டு நாக்கைப் பார்த்தாள், கழுத்துக்குப் பின்னால் கையை விட்டு வியர்வையைப் பார்த்தாள், முதுகைச் சாய்த்துப் புண் இருக்கிறதா என்று பார்த்தாள். தலையிலிருந்த கதம்பம் குறுக்கே விழுந்து மறைத்தது, எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"நல்லா வச்சிருக்கட்டி" என்று தில்லையின் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் முன்போல வேலைக்காரிக்குரிய வேகத்தில் இருந்தன. "நடுவுல என்னமோ சொன்னாவளே, என்னது?"

லாரன்ஸ் தில்லையைப் பார்த்தபடியே இருந்தார்.

"சக்கரம் மாட்டிக்கிச்சுன்னு சொன்னாரு புள்ள."

"சரி, ஒனக்கு ரயிலுக்கு நேரமாச்சு. போ, நாளைக்குப் பள்ளிக்கூடம்லா? நான் இவியளுக்குக் கஞ்சி வைக்கணும்."

தில்லை வீதியில் இறங்கினாள். நடுவில் ஒரு தடவை கால் தயங்கியது, தனக்கும் கரை வராமல் போகாதா என்று ஒரு நப்பாசை எழுந்தது. ஆனால் அவளுக்கு வீதி வீதியாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷத்தில் ஸ்டேஷன் பக்கம் வந்துவிட்டது. போலீஸ்காரர் விசில் ஊதினார், நின்றிருந்த வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உறுமிக் கிளம்பின. அவற்றுக்கு நடுவே இடைவெளி கிடைத்தபோதெல்லாம் பார்த்தாள்: ஜெசிந்தா நாற்காலியைச் சந்துப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள், ஜனங்கள் வழிவிட்டார்கள், ஒருத்தி குடை பிடித்தாள், இன்னொருத்தி ஒரு சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். லாரன்ஸின் முதுகு மட்டும் தெரிந்தது. தில்லை கையை உயர்த்தினாள், அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை, உயர்த்திய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தாள்.

நிறுத்தச் சொல்கிறாள் என்று நினைத்து ஒரு டவுன்பஸ் அவள் முன்னால் வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து தலையை நீட்டி, "எங்கிட்டும்மா போகணும்?" என்று கேட்டார். அவள் பஸ்ஸின் ஜன்னல்கள் வழியே சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தும் அவர் விசில் கொடுக்காமல் காத்திருந்தார்.